சிதோசே மிச்சம் வைத்த சூப்

கிதகதா ஊரில் காலை ஏழு மணிக்கு ராமென் என்கிற நூடுல்ஸ் சூப்பைச் சாப்பிடாதவர்களைப் பற்றி சிதோசேவுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றுவிட்டு வேலைக்குப் போகிற ஆட்களை அவள் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. விடிந்ததும் எழுந்து, வாசலில் கிடக்கும் பனியை வாரித் தள்ளிவிட்டு, கையும் காதும் மரத்துப்போய் ஹகா ராமென் கடைக்குள் நுழைந்து, முகத்தில் ஆவி அடிக்கக் குனிந்து ஒரு கிண்ணத்தைக் காலி செய்தால்தான் அவளுக்கு நாள் தொடங்கும். இந்த அறுபத்திரண்டு வயதில் முப்பத்தொரு வருடம் அப்படித்தான் தொடங்கியிருக்கிறது. நடுவில் கணவன் என்று ஒருவன் வந்து போனான். அவன் ரொட்டி சாப்பிடுகிறவன்.

ஹகா கடையிலிருந்து நாலு வாசல் தள்ளி அவளுடைய முடிதிருத்தும் கடை. ஒரே ஒரு நாற்காலி. ஊரில் பாதி ஆண்களின் தலை அவள் கையில். தலையைக் கொடுத்தவன் காதையும் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத விதி. எந்த நோய், எந்தச் சண்டை, எந்த வழுக்கை என்று எதையும் விட்டுவைக்க மாட்டாள். டோஃபு விற்கும் ரொகுரோவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்று, சோப்பு நுரையோடு அவரை உட்காரவைத்து, "இனிமே உங்களை எறும்புக்குத்தான் கட்டிக் கொடுக்கணும்" என்றவள் அவள்.

ஹகா கடையில் எட்டு இருக்கை, நீளமான ஒரு மேடை, மேடைக்கு அந்தப் பக்கம் எய்சாகு. பள்ளியில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. கணக்கில் இரண்டு பேருமே மோசம். அவள் கதவைத் தள்ளும் சத்தம் கேட்டதும் அவன் நூடுல்ஸைக் கொதிநீரில் போட்டுவிடுவான். என்ன வேண்டும் என்று அவன் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. அவனுடைய மனைவி மசுமி தண்ணீர் வைப்பாள்.

"இன்னும் உயிரோட இருக்கியா?" என்பான் எய்சாகு.

"நீ வைக்கிற சூப்பைக் குடிச்சும் இருக்கேன்னா பார்த்துக்கோ, என் உடம்பு எப்பேர்ப்பட்டதுன்னு."

அதோடு பேச்சு முடிந்தது. கிண்ணம் வந்த பிறகு பேசினால் நூடுல்ஸ் ஊறிப்போகும். அங்கே எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், பனி, தேர்தல், யார் வீட்டுக் கூரை இறங்கியது என்று. சாப்பாட்டைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. நன்றாக இருந்தால் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, காலிக் கிண்ணத்தை மேடையின் மேல் திட்டில் தூக்கி வைத்து, துணியால் மேடையைத் துடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் பாராட்டு. வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துவிட்டு, சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால், சிதோசே பின்னாலேயே போய்ச் சண்டை பிடிக்காத குறையாக முறைப்பாள்.

அப்படிப்பட்டவளைத்தான் ஜனவரி மாத உடல் பரிசோதனையில் டாக்டர் தோனோ எதிரே உட்காரவைத்தாள். டாக்டருக்கு முப்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது.

"காலையில என்ன சாப்பிடுவீங்க?"

"ராமென்."

"தினமுமா?"

"புதன்கிழமை கிடையாது."

"அப்பாடா. புதன்கிழமை மட்டும் ஏன்?"

"கடை லீவு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். ரத்த அழுத்தம் நூற்றி எழுபத்தெட்டு. "ராமெனை விடுங்கன்னு சொன்னா, நீங்க என்னை விட்டுட்டு வேற டாக்டரைப் பார்ப்பீங்க. அது எனக்கே தெரியும். நூடுல்ஸைச் சாப்பிடுங்க. சூப்பை மட்டும் கிண்ணத்திலேயே விட்டுடுங்க. உப்பு பூரா அதுலதான்."

"மிச்சம் வைக்கிறதா?"

"மிச்சம்தான்."

"டாக்டரம்மா, நீங்க இந்த ஊரா?"

"இல்லை."

"அதான்."

கேலியாகப் பேசிவிட்டு வந்தாலும், தெருவுக்கு வந்ததும் அவளுக்கு அப்பாவின் நினைவு வந்தது. அவளுடைய முடிதிருத்தும் கடையில் அவளுக்கு முன்னால் முடிவெட்டியவர் அவர்தான். அறுபத்து மூன்றாவது வயதில் ஒருநாள் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தார். சிதோசே பயந்தாள். சாவைப் பற்றிக்கூட அல்ல, அந்தப் பேச்சில்லாத இரண்டு வருடத்தைப் பற்றி.

இதை எய்சாகுவிடம் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கென்று தனியாகத் தண்ணீர் ஊற்றிய சூப் வரும். மசுமி தோளைத் தொட்டுப் பேசுவாள். ரொகுரோ அந்த எறும்புக் கேலியை இத்தனை நாள் வட்டியோடு திருப்பிக் கொடுப்பார். ஊர் முழுக்க நாக்கால் சவரம் செய்தவளுக்கு அது தாங்கக்கூடிய காரியம் இல்லை.

ஆகவே மறுநாள் நூடுல்ஸைச் சாப்பிட்டாள், பன்றி இறைச்சித் துண்டுகளைச் சாப்பிட்டாள், சூப்பைப் பாதியில் நிறுத்தினாள். நிறுத்தியதை மறைக்க ஒரு காகிதத் துடைப்பானைக் கிண்ணத்தின் மேல் பரப்பி, அதன்மேல் சாப்ஸ்டிக்கை வைத்து, தண்ணீர்க் கூஜாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். திருட்டுத்தனத்தில் அவளுக்கு அனுபவம் போதாது. மசுமி கிண்ணத்தை எடுத்தபோது கனத்திலேயே தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் அதைக் கணவனிடம் கொண்டுபோனாள். எய்சாகு காகிதத்தைத் தூக்கிப் பார்த்தான். சிதோசே பூட்ஸ் நாடாவை இறுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

அடுத்த நாளும் பாதி. அதற்கு அடுத்த நாளும் பாதி. எய்சாகு "இன்னும் உயிரோட இருக்கியா" என்று கேட்பதை நிறுத்திவிட்டான். அதற்குப் பதிலாக, அவள் குனிந்து சாப்பிடும்போது அவளுடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒரு வாரம் போனது. நூடுல்ஸில் ஒட்டிக்கொண்டு வருகிற சூப்பே அவளுக்கு நாக்கைக் கடித்தது. டாக்டர் சொன்ன பயத்தில் எல்லாமே உப்பாகத் தெரிகிறது என்று நினைத்தாள். பாதி வைத்தவள் முக்கால் வைத்தாள். மறுநாள் இன்னும் கடித்தது. முக்காலும் போய், நூடுல்ஸை மட்டும் அரித்தெடுத்துவிட்டு முழுக் குளத்தையும் அப்படியே திட்டில் தூக்கி வைத்தாள்.

மூன்றாவது வாரம், சவரத்துக்கு வந்த ரொகுரோ நாற்காலியில் சாய்ந்தபடி முனகினார். "சிதோசே, ஒண்ணு கேக்கணும். ஹகா கடைச் சூப்பு இப்பல்லாம் ஒரு மாதிரி இல்ல?"

"எந்த மாதிரி?"

"கடல்ல குளிச்சுட்டு வாயைத் திறந்த மாதிரி."

கத்தி அவருடைய கன்னத்தின் பாதியில் நின்றது. "உங்களுக்கும் உப்பாவா இருக்கு?"

"எனக்கு மட்டுமா? தபாலாபீஸ் கியோமாசா வீட்டுக்குப் போய் நாலு சொம்பு தண்ணி குடிக்கிறாராம்."

"அப்ப எய்சாகுகிட்டச் சொல்றதுதானே?"

"நானா? சாப்பாட்டைப் பத்தி அவன்கிட்டயா? நல்லா கேட்டே போ."

"சரி, சொல்ல வேணாம். ஏன் மொத்தத்தையும் குடிச்சுத் தொலைக்கிறீங்க?"

"மிச்சம் வச்சா அந்த மனுஷன் மனசு என்ன பாடு படும்?" என்றார் ரொகுரோ. பாதி நுரையோடு அவர் முகத்தில் இருந்த நல்லெண்ணத்தைப் பார்க்க அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இருபது வருடத்துக்கு முன்னால் எய்சாகு சோயா சாறு வாங்கும் இடத்தை மாற்றியபோது, எல்லோரும் கிண்ணத்தைக் காலி செய்தார்கள். அவள் ஒருத்திதான் மூன்றில் ஒரு பங்கை வைத்தாள். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் பழைய சாறு திரும்பி வந்தது, அவளும் காலி செய்தாள். இந்த ஊரில் மரியாதைக்குக் குடிக்காத வாய் ஒன்றே ஒன்றுதான் என்று அன்றைக்கே அவன் கண்டுபிடித்திருக்கிறான். இப்போது அந்த வாய் மிச்சம் வைக்கிறது. சூப் சப்பென்று இருக்கிறது போல என்று நினைத்து அவன் உப்பைக் கூட்டுகிறான். அவள் இன்னும் மிச்சம் வைக்கிறாள். அவன் இன்னும் கூட்டுகிறான். ஊர் முழுக்கத் தண்ணீர் குடித்துச் சாகிறது.

இதற்கு ஒரே வழி வாயைத் திறந்து பேசுவது. அதைத் தவிர வேறு எந்த வழியும் இருக்காதா என்று சிதோசே அன்று முழுக்க யோசித்தாள். கண்டுபிடித்தும் விட்டாள். செவ்வாய்க்கிழமை காலை கடைக்குப் போனாள். உடம்புக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று கிண்ணத்தை இரண்டு கையால் தூக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சு விடாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். தொண்டை எரிந்தது, காதில் குளவி பறந்தது. காலிக் கிண்ணத்தைத் திட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்து எய்சாகுவைப் பார்த்தாள். போதும், இனிமேல் கூட்டாதே என்பது அதற்கு அர்த்தம்.

எய்சாகு கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் அப்படித் தொங்கிப்போய் அவள் பார்த்ததே இல்லை.

புதன்கிழமை கடை லீவு. வியாழக்கிழமை காலை, கதவில் தூரிகையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. சொந்தக் காரணங்களால் இம்மாத இறுதியோடு கடை மூடப்படுகிறது, இத்தனை காலம் அளித்த ஆதரவுக்கு நன்றி. இந்த ஊரில் கடை மூடுகிற எல்லோரும் எழுதுகிற அதே இரண்டு வரி. என்ன காரணம் என்று யாரும் கேட்கக் கூடாது என்பதற்காகவே அந்தச் 'சொந்தக் காரணம்'.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. சிதோசே தாளின் முன்னால் நின்றாள். அவளுடைய அரைக் கிண்ணம் ஒரு கடையைச் சாப்பிட்டுவிட்டது. அவமானம் பெரிதா இது பெரிதா என்று தராசில் போட்டுப் பார்க்கிற நேரம் இல்லை. கதவைத் தள்ளினாள். எட்டு இருக்கையும் நிரம்பியிருந்தது. உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கு ரத்தக் கொதிப்பு!" என்றாள்.

உறிஞ்சுகிற சத்தம் நின்றது.

"நூத்தி எழுபத்தெட்டு. சூப்பைத் தொடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டா. அதனாலதான் மிச்சம் வச்சேன். வேற ஒரு எழவும் இல்லை. சிரிக்கிறவங்க எல்லாம் இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ரொகுரோ தொண்டையைச் செருமினார். "எனக்கு நூத்தி அறுபத்தஞ்சு."

"நூத்தி எண்பத்திரண்டு" என்றார் கியோமாசா, ஏலத்தில் ஜெயித்தவர் குரலில்.

"எனக்குச் சிறுநீரகம்" என்றது சுவரோர இருக்கை.

"எல்லாருக்கும் சூப்பு ஆகாதா?" என்றாள் சிதோசே. "அப்புறம் எதுக்குய்யா வழிச்சு வழிச்சுக் குடிச்சீங்க?"

"நீ பக்கத்துல உக்காந்து முறைப்பியேம்மா" என்றார் ரொகுரோ.

மசுமிதான் முதலில் சிரித்தாள். எய்சாகு சிரிக்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்றவன், "அப்ப, உப்பு பத்தலைன்னு மிச்சம் வைக்கலையா நீ?" என்று கேட்டான்.

"பத்தலையா? டேய், அதை ஊத்தினா தெருவுல பனி உருகும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது. ஹகா கடை திறந்த நாள் முதலாக அந்த மேடையின் மேல் அப்படி ஒரு வார்த்தை விழுந்ததில்லை. எய்சாகு எட்டுப் பேரையும் வரிசையாகப் பார்த்தான். "உப்பா இருக்கா?"

எட்டுத் தலையும் கிண்ணத்துக்குள் குனிந்தன.

"ரொகுரோ அண்ணே, நீங்க சொல்லுங்க."

"லேசா" என்றார் ரொகுரோ கிண்ணத்துக்குள்ளிருந்து.

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

எய்சாகு அடுப்பைத் தணித்தான். கழுத்துத் துண்டை எடுத்து மேடையில் வைத்துவிட்டு, பின்கட்டுக்குப் போய்விட்டான். மசுமி அசையாமல் நின்றாள். வாடிக்கையாளர் யாரும் அந்த மேடையைத் தாண்டியதில்லை. சிதோசே பனி ஒட்டிய பூட்ஸோடு தாண்டினாள்.

கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே, கவிழ்த்துப் போட்ட சோயா பீப்பாயின் மேல் அவன் உட்கார்ந்திருந்தான்.

"மாரடைப்பு வந்தவன் மாதிரி உக்காராதே" என்றாள். "இங்கே நோயாளி நான்."

"எனக்கு நாக்கு போச்சு, சிதோசே."

"என்ன?"

"ரெண்டு வருஷம் முன்னாடி காய்ச்சல்ல கிடந்தேனே, அதோட போச்சு. இனிப்பு திரும்பி வந்துச்சு, புளிப்பு வந்துச்சு. உப்பு வரல. அளவு தெரியும், கரண்டி தெரியும். ஆனா எலும்பு ஒருநாள் மாதிரி ஒருநாள் இருக்காது, கருவாடும் இருக்காது. கடைசியில ஒரு சொட்டு நாக்குல வச்சுத்தான் முடிவு பண்ணணும். நான் உன் கிண்ணத்தைப் பார்த்து முடிவு பண்ணினேன்."

சிதோசே அவனுக்கு எதிரே சுவரில் சாய்ந்து நின்றாள்.

"மத்தவங்க கிண்ணத்தை நம்ப முடியாது. கழுவின தண்ணியை ஊத்திக் கொடுத்தாலும் குடிச்சுட்டுப் போவாங்க. நீ ஒருத்திதான் பொய் சொல்லாத கிண்ணம். நீ மிச்சம் வச்சே, உப்பு போட்டேன். மறுபடி வச்சே, மறுபடி போட்டேன். செவ்வாய்க்கிழமை நீ கண்ணை மூடிட்டுக் குடிச்சே பாரு." அவன் நிறுத்தினான். "விளக்கெண்ணெய் குடிக்கிற மாதிரி. சரி, இவளும் நமக்காகப் பாவம் பார்த்துக் குடிக்க ஆரம்பிச்சுட்டா, இனிமே இந்த ஊர்ல எனக்கு உண்மை சொல்ல ஆளில்லைன்னு தோணுச்சு. அன்னைக்கே தாளை எழுதிட்டேன்."

தன்னுடைய பயத்தை மட்டுமே மூன்று வாரமாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாள். இவன் இரண்டு வருடமாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு தினமும் காலையில் அவளைக் கேலி செய்திருக்கிறான்.

"மசுமிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியும்" என்றாள் வாசலில் நின்ற மசுமி. "முதல் வாரமே தெரியும்."

எய்சாகு வாயைப் பிளந்தான். "ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."

"உன் நாக்கு நல்லாத்தானே இருக்கு! நீ ருசி பார்த்துச் சொல்லியிருக்கலாமே!"

மசுமி தரையைப் பார்த்தாள். "எனக்கு ராமென் பிடிக்காதுங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே பிடிக்காது. எனக்குக் காலையில ரொட்டிதான்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்கட்டில் எட்டுப் பேரும் மூச்சுக்கூட விடாமல் காது கொடுத்துக்கொண்டிருந்ததால் அங்கே ஒரு கரண்டி விழுந்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

"எழுந்திரு" என்றாள் சிதோசே. "அடுப்பைப் பெரிசு பண்ணு. ஒரு சின்னத் தட்டு எடு. கிண்ணம் வேணாம், என்னைக் கொன்னுடாதே. ஒரே ஒரு வாய்."

எய்சாகு எழுந்தான். அடுப்படிக்கு வந்து, அண்டாவிலிருந்து எலும்பு நீரை எடுத்து, சோயா சாறு கலந்து, சோயா ஊற்றுகிற சிறு தட்டில் ஒரு மடக்கு ஊற்றி நீட்டினான். அவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. முப்பத்தொரு வருடமாகக் கடை நடத்தியும் அதை அவன் யாரிடமும் கேட்டதில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினான். மூன்றாவது தடவை வந்தது.

"எப்படி இருக்கு?"

சிதோசே நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்பு."

சோயா சேராத எலும்பு நீரைக் கொஞ்சம் ஊற்றினான். "இப்ப?"

"இன்னும் உப்பு. கஞ்சத்தனம் பண்ணாம ஊத்து."

மேடையில் எட்டுக் கழுத்தும் நீண்டன. கியோமாசா எழுந்தே நின்றுவிட்டார். மூன்றாவது தட்டை எய்சாகு நீட்டும்போது கடையில் கொதிக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. சிதோசே அதை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். எலும்பின் கனம், பின்னால் கருவாடு, கடைசியில் எங்கோ ஓரத்தில் உப்பு. கேலியாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். கேலி எதுவும் அகப்படவில்லை.

"நல்லா இருக்கு, எய்சாகு" என்றாள்.

அவன் தலையைத் திருப்பிக்கொண்டு, மேடையில் கிடந்த துண்டைத் தேடி எடுத்து முகத்தைத் துடைத்தான். ஆவி அதிகம் என்று யாருக்கும் இல்லாமல் பொதுவாகச் சொன்னான். பிறகு, கரண்டியைக் கழுவியபடி, அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"நாளைக்கும் வந்து சொல்வியா?"

"வருவேன்" என்றாள் சிதோசே. "நல்லா இருந்தாத்தான் நல்லா இருக்குன்னு சொல்வேன்."